பதினோரு விநாடி

எனிட் ஆக்ராய்ட் இறந்ததும்
லீட்ஸ் செய்தித்தாள் ஒன்று நான்கு வரி கேட்டது.
பிறப்பு, இறப்பு, விருது, வாரிசு.
விருதும் இல்லை வாரிசும் இல்லை,
இரண்டே வரியில் முடித்து அனுப்பினேன்.

பன்னிரண்டு வருடம் அவளுக்கு இடப்பக்கம் அமர்ந்து
நிறுத்துக்கடிகாரம் பிடித்தவள் நான்.
அவள் முகத்தைவிட
இடது காதைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.
ஹெட்போன் அழுத்திச் சிவந்த மடல்,
பின்னால் எப்போதும் ஒரு கடித்த பென்சில்.

ஹாலிஃபாக்ஸில் கம்பள ஆலைத் தெருவில் பிறந்தவள்.
ஐம்பத்தாறில் தட்டச்சு வேலைக்கு வந்தாள்.
பிறர் எழுதிய வசனங்களை அடிக்கும்போதே
சிலதை அடிக்காமல் விட்டுவிடுவாளாம்.
ஒருவரும் தேடவில்லை, என்றாள்.
அப்படித்தான் தொழில் பிடிபட்டது, என்றாள்.
எட்டு வருடத்தில் அவள் பெயர் திரையில் வந்தது:
கடைசிப் பெயர்,
தேநீருக்கு வெந்நீர் வைக்க
எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில்.

ஹல் துறைமுகத்து மனைவிகளைப் பற்றி ஒரு நாடகம்.
படகு திரும்பாது என்ற செய்தி
கதவைத் தட்டி உள்ளே வருகிறது.
ஐரின் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள்.
அதன்பின் வசனம் இல்லை, இசை இல்லை,
கேமரா நகரவும் கூடாது.

மாடியிலிருந்து பெல்லாமி இறங்கி வந்தார்.
பெட்டி கெட்டுப்போனதென்று
மக்கள் அதைத் தட்டுவார்கள், என்றார்.
தட்டட்டுமே, என்றாள்.
பேரம் நடந்தது, சந்தையில் மீனுக்கு நடப்பதுபோல.
அவள் இருபது கேட்டாள், அவர் ஐந்து கொடுத்தார்.
பதினோரு விநாடிக்குப் படிந்தது.

நேரலை.
ஐரினின் கத்தி பாதித் தோலில் நின்றது.
நான் முள்ளைப் பார்த்தேன்.
பதினொன்றில் வெட்டச் சொல்ல வேண்டிய எனிட்
வாயைத் திறக்கவில்லை.
பன்னிரண்டு.
பதிமூன்று.
பென்சில் காதிலிருந்து விழுந்தது.
பதினான்கில், வெட்டு.
பதிவேட்டில் பதினொன்று என்று எழுதினேன்.
என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே பொய்க்கணக்கு.

எழுபத்திரண்டில் ஒரு இளஞ்சிவப்புப் படிவம் வந்தது.
டேப் விலை அதிகம், அலமாரியில் இடம் இல்லை.
அழிக்கலாம் என்று அவளே கையெழுத்துப் போட்டாள்.
அடுத்த நாடகத்துக்கு டேப் வேண்டாமா, குவெண்டா?
ஐரினின் மேல் குதிரைகள் வேலி தாண்டின,
ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க.

பிறகு அவள் ஓய்வு பெற்றாள்.
ஸ்கார்பரோவில் சின்ன வீடு,
முழங்காலில் வலி, தொலைக்காட்சி இல்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு பார்சல்.
அனுப்பியவர் லென் ஸ்டாதர்ஸ், ஹெஸ்ஸல் சாலை, ஹல்.
உள்ளே ஒரு ஒலிநாடாச் சுருள்.
அப்பா அப்போது ஐஸ்லாந்துப் பக்கம் கடலில் இருந்தார்,
திரும்பி வந்து கேட்கட்டுமென்று
அம்மா பெட்டியின் முன்னால் மைக் வைத்துப் பதிந்தாள்,
உங்களுக்கு வேண்டியிருக்கலாம், என்று எழுதியிருந்தார்.
அப்பா கேட்டாரா என்று எழுதவில்லை.
நாங்களும் விசாரிக்கவில்லை.

இயந்திரம் ஒன்றை நான் இரவல் வாங்கிப் போனேன்.
நாய் குரைக்கிறது. யாரோ கரி அள்ளிப் போடுகிறார்கள்.
அவற்றுக்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து போல,
எங்கள் நாடகம்.
கதவு தட்டும் சத்தம்.
பிறகு அந்த மௌனம்.

மௌனத்தின் நடுவில்,
டப்.
டப் டப்.
ஒரு பெண் பெட்டியைத் தட்டுகிறாள்.
கெட்டுப்போகல அம்மா, என்கிறது ஒரு பையன் குரல்.
அவங்க பேசல, அவ்வளவுதான்.
கை நிற்கிறது.
அதன்பின் அந்த அறையில் கரிகூட வெடிக்கவில்லை.

எனிட் சிரித்தாள்,
இருமல் வரும்வரை சிரித்தாள்.
பெல்லாமி சொன்னது சரிதான் போ, என்றாள்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி,
என்னைப் பார்க்காமல்:

பதினான்கு.

நான் சுருளைப் பின்னோக்கி ஓடவிட்டேன்.
இன்னொரு தடவை எண்ணு, என்றாள்.